கடலோர ஊர்ல பசுமைமாறாக் காடு வளக்கணும்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது

பசுமைமாறாக் காடுன்னா உடனே எல்லாருக்கும் வால்பாறை ஞாபகம் வரும், இல்லாட்டி ஊட்டி சோலை, அட்டை, மூடுபனி. ஆனா மலையே இல்லாத நம்ம கிழக்குக் கடற்கரை ஓரத்துலயும் ஒரு பசுமைமாறாக் காடு இருக்கு, சித்திரை வெயில்ல சுத்துப்பட்டு நிலமெல்லாம் காஞ்சு வெடிச்சு கெடக்கும்போது இது மட்டும் கரும்பச்சையா நிக்கும். நிறைய பேரு அது பக்கத்துலயே குடியிருந்தும் அத காடுன்னு நெனைக்கிறதில்ல, அய்யனார் கோயில் தோப்புன்னு சொல்லிட்டுப் போயிடுறாங்க. கடலூர், விழுப்புரம், புதுச்சேரி, செங்கல்பட்டு, நாகை, புதுக்கோட்டை பக்கம் கொஞ்சம் நிலம் வச்சிருக்கீங்க, அதுல மரம் வைக்கணும்னு ஆசையும் இருக்குன்னா தயவுசெஞ்சு இந்தக் காட்டு மரங்கள வைங்க. எப்படி வைக்கிறதுன்னு முழுசா எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

இதுக்கு படிச்சவங்க வச்ச பேரு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. 1968ல சாம்பியன், சேத்ங்குற ரெண்டு காட்டியல் அறிஞர்கள் இந்தியக் காடுகள வகை பிரிச்சப்போ இத தனி வகையாவே வச்சாங்க. ஆந்திரா கடலோரத்துலேர்ந்து தெக்க ராமநாதபுரம் வரைக்கும், கடலுக்கும் உள்நாட்டுக்கும் நடுவுல ஒரு குறுகலான பட்டை, அவ்ளோதான் இதோட இடம். இலங்கைல வன்னிப் பக்கமும் இதே சொந்தக்கார மரங்கள் தான், பாலையும் வீரையும் அங்க நல்லாவே இருக்கு. மழை வருஷத்துக்கு 1000லேர்ந்து 1300 மில்லிமீட்டர், அதுல பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகைல கொட்டித் தீத்துடும், அப்புறம் ஆறு மாசம் வறட்சி. மரம் ரொம்ப உயரமும் போகாது, 9லேர்ந்து 12 மீட்டர், ஆனா மேல இடைவெளியே இல்லாம கூரை போட்டு நிக்கும், உள்ள கொடி கொடியா பின்னிக் கெடக்கும்.

ஆறு மாசம் மழையே இல்லாத ஊர்ல எப்படி இலைய விடாம புடிச்சு வச்சிருக்குன்னு கேக்கலாம். இலைய தொட்டுப் பாருங்க, தெரியும். தடிப்பா தோல் மாதிரி இருக்கும், மேல மெழுகு பளபளப்பு, தண்ணி சுலபத்துல ஆவியாகாது. உதிராமலும் இல்ல, புது இலை வந்ததும் பழசு ஒன்னொன்னா போகும், மொத்தமா ஒரே நேரத்துல கொட்டாது. ஆனா இப்படி ஒரு இலைய செய்யிறதுக்கு மரத்துக்கு நிறைய செலவாகுது, செஞ்ச இலைய நாளு கணக்கு பாக்காம வச்சு ஓட்டணும், அதனால வளத்தி மெதுவா தான் இருக்கும். இத முதல்லயே மனசுல வாங்கிக்கிட்டீங்கன்னா பின்னாடி ஏமாத்தம் இருக்காது. ரெண்டு வருஷத்துல காடுன்னு யாராச்சும் சொன்னா அது இந்தக் காடு இல்ல.

சரி, முதல் வேலை. நர்சரிக்கு போகாதீங்க, கடப்பாரையும் எடுக்காதீங்க. உங்க ஊருக்கு பக்கத்துல இருக்குற கோயில்காட்டுக்கு போங்க. மரக்காணம் ரோட்டுல புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில்காடு இருக்கு, ஈசிஆர்ல போறவங்க யாரும் நின்னு பாக்கலாம். புதுக்கோட்டை மாவட்டத்துல ஊருக்கு ஊரு அய்யனார் காடு உண்டு. நாகை பக்கம்னா கோடியக்கரை, சென்னைனா கிண்டி தேசியப் பூங்கா, அடையாறு பூங்கால கூட இந்த மரங்கள நட்டு வச்சிருக்காங்க. ஆனா நடந்து பாக்க வேண்டியது கோயில்காட்டுல தான், ஏன்னா உங்க மண்ணு, உங்க மழை, உங்க உப்புக்காத்துக்கு எது தாங்கும்னு அந்தக் காடு ஏற்கனவே பல தலைமுறையா பரிட்சை வச்சு முடிச்சிருக்கு. நாம புதுசா எதையும் கண்டுபுடிக்க வேண்டியதில்ல, அங்க இருக்குறத பாத்து எழுதிக்கிட்டு வந்தா போதும்.

எழுதுறதுன்னா வெறும் பேரு மட்டும் எழுதக்கூடாது. எது வெளி ஓரத்துல வெயில்ல நிக்குது, எது உள்ள நெழல்ல இருக்குது, எந்த மரத்தடில எதோட கன்னு மொளச்சு கெடக்குது, இதையெல்லாம் எழுதணும், நடும்போது இது தான் உங்களுக்கு வழி சொல்லும். அடையாளம் தெரியலன்னா பூசாரிகிட்ட கேளுங்க, ஆடு மேய்க்கிற பெரியவங்ககிட்ட கேளுங்க, எந்த இலைய ஆடு தின்னும் எத தின்னாதுங்குறது வரைக்கும் சொல்லுவாங்க. சில மரங்கள நீங்களே புடிச்சிடலாம். காட்டு எலுமிச்சை இலைய கசக்குனா எலுமிச்ச வாசம் வந்துடும், முள்ளும் இருக்கும். பாலை மர இலை நுனில லேசா உள்வாங்கி ஒரு வெட்டு இருக்கும், கிள்ளுனா பால் வரும், பட்டை கருத்து சொரசொரன்னு இருக்கும். வீரை மரம் அடிமரம் உருண்டையா இல்லாம பள்ளமும் மேடுமா முறுக்கிக்கிட்டு நிக்கும், பழம் சின்னதா செவப்பா இருக்கும். காயா மரத்த பூக்குற நேரத்துல பாத்தா விடவே மாட்டீங்க, கிளையோட ஒட்டுனாப்புல நீலப்பூவா அப்பிக் கெடக்கும், பெருமாள காயாம்பூ வண்ணன்னு பாடுனது இந்தப் பூவ பாத்து தான். இதோட கருங்காலி, இரும்பிலி, மகிழம், நாவல், எட்டி, சுளுந்து, களா, ஆதொண்டை, மோதிரக்கண்ணி, இதெல்லாம் உங்க பட்டியல்ல வரும். எல்லா காட்டுலயும் எல்லாம் இருக்காது, உங்க பக்கத்து காட்டுல இல்லாதத தேடி அலையாதீங்க.

ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். கோயில்காட்டுலேர்ந்து ஒரு குச்சி கூட எடுக்கக்கூடாதுங்குற கட்டுப்பாடு நிறைய ஊர்ல இன்னும் இருக்கு, அந்தக் கட்டுப்பாடு இருந்ததால தான் காடே மிச்சம் இருக்கு. அதனால ஊர்ப் பெரியவங்ககிட்டயும் பூசாரிகிட்டயும் சொல்லி, அனுமதி கெடச்சா மட்டும், கீழ விழுந்த பழத்துல கொஞ்சம் எடுங்க. மொளச்ச கன்ன புடுங்காதீங்க. சரணாலயம், தேசியப் பூங்கால கைய வைக்கவே கூடாது, 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி குத்தம்.

விதைக்கு வருவோம், இங்க தான் பாதி பேரு தோக்குறாங்க. வெண்டை, கத்தரி விதைய காயவச்சு டப்பால போட்டு அடுத்த வருஷம் எடுக்குற பழக்கத்துல இதையும் காயவச்சிடுறாங்க. இந்தக் காட்டு மரங்கள்ல பலதும் சதைப்பழம், பறவையும் மரநாயும் வௌவாலும் தின்னு போட்டு பரவுறது, விதைக்குள்ள ஈரம் இருக்குற வரைக்கும் தான் உயிரு. நாவல் விதைய வெயில்ல ஒரு வாரம் போட்டா செத்துடும், வேப்பங்கொட்டையும் ரொம்ப நாள் தாங்காது. ஆக பழத்த எடுத்த அன்னிக்கோ மறுநாளோ சதைய சுத்தமா கழுவி எடுத்து, நெழல்ல லேசா ஈரம் போக விட்டு, உடனே போட்டுடணும். சதை ஒட்டி இருந்தா பூஞ்சை புடிக்கும், எறும்பு தூக்கும். பூவந்தி, மகிழம் மாதிரி கெட்டி ஓடு உள்ளது வேற கதை, ஓட்ட உப்புத்தாள்ல ஒரு பக்கம் தேச்சுட்டு ஒரு ராத்திரி தண்ணில ஊற வச்சு போடலாம். வாகை, கொன்றை வகைக்கு கொதிக்கிற தண்ணிய இறக்கி வச்சு கொஞ்சம் ஆறுனதும் விதைய போட்டு ராத்திரி முழுக்க விட்டுடுங்க, காலைல ஊதிப்போனத எடுத்து போடுங்க.

பாலை வைகாசி ஆனில பழுக்கும், நாவல் ஆனி ஆடி. மத்ததுக்கு நாள் சொல்ல மாட்டேன், மழைய பொறுத்து முன்ன பின்ன போகும், காட்டுக்கு மாசம் ஒரு தடவ போயிட்டு வந்தா உங்களுக்கே புடிபடும். இலங்கை வன்னில பாலைப்பழ சீசன்ல ரோட்டோரம் வச்சு விப்பாங்க, உதட்டுல பால் ஒட்டுற அளவுக்கு இனிப்பு. நம்ம பக்கமும் பழம் கெடைக்குது, தின்னுட்டு கொட்டைய துப்பாம எடுத்து வைங்க. பாலை மொளைக்க நேரம் எடுக்கும், ஒரு மாசம் தாண்டியும் ஒன்னும் வரலையேன்னு பையில இருக்குற மண்ண கொட்டிடாதீங்க. இன்னொரு வழியும் இருக்கு, நிறைய பேருக்கு தெரியாது: சப்போட்டா ஒட்டுக்கன்னு கட்டுறதுக்கு அடிச்செடியா வைக்கிறது இந்தப் பாலைக் கன்ன தான். ஒட்டுக்கட்டுற நர்சரில போய் ஒட்டாத பாலைக் கன்னு வேணும்னு கேளுங்க, தருவாங்க. வீட்டுல ஒட்டு சப்போட்டா பட்டுப்போயி அடிலேர்ந்து வேற மாதிரி இலை துளிர் விட்டிருந்தா அது பெரும்பாலும் பாலையா தான் இருக்கும், வெட்டிப்போடாதீங்க.

எட்டிக்கொட்டை விஷம், சின்னப் பசங்க இருக்குற வீட்டுல அத போட்டு வைக்காதீங்க, போட்ட கையோட கைய கழுவுங்க.

பைமண்ணுக்கு ரெண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நல்லா மக்குன தொழு உரம் போதும். பை நீளமா இருக்கணும், இந்த மரங்கள் மேல ரெண்டு இலை விடுறதுக்குள்ள கீழ ஆணிவேர இறக்கிடும், குட்டைப் பையில வேர் அடில முட்டி சுருண்டுடும், சுருண்ட வேரோட நட்டா பத்து வருஷம் கழிச்சு ஒரு புயல்ல சாயும். அதனால வேர் பைக்கு வெளிய எட்டிப் பாத்துச்சுன்னா அடுத்த சைஸ் பைக்கு மாத்துங்க. வீரை, காயா, கருங்காலி, இரும்பிலி கன்னுங்கள நெழல்வலைக்கு கீழ வைங்க, இல்லாட்டி பெரிய மரத்தடில வைங்க. முழங்கால் உயரம் வர ரெண்டு வருஷம் கூட ஆகலாம். அதுக்காக யூரியா போட்டு விரட்டாதீங்க, இலை மட்டும் தளதளன்னு வரும், வெயில்ல நட்டதும் கருகும். நடுறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிலேர்ந்து தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா கொறச்சு, நெழலையும் கொறச்சு பழக்குங்க.

கன்னு வளர்ற நேரத்துல நிலத்த பாருங்க. சீமைக்கருவேல் இருந்தா அடிக்கட்டையோட தோண்டி எடுக்கணும், மேல வெட்டிட்டு விட்டா மறுபடி புதரா துளுக்கும், உண்ணிச்செடியும் வேரோட எடுங்க. வெட்டுன கருவேல முள்ள வீணாக்காதீங்க, நாலு பக்கமும் அடுக்கி வேலியா போடுங்க. ஆடு தான் இந்தக் காட்டோட முதல் எதிரி, ஒரு மத்தியானம் ரெண்டு ஆடு உள்ள வந்தா ஒரு வருஷ வேலை போச்சு. முள்வேலி மக்குறதுக்குள்ள அதுக்கு உள்பக்கம் களா, இசங்கு, ஆதொண்டை நட்டு உயிர்வேலி எடுத்துடுங்க.

அடுத்தது தண்ணி. இங்க மழை வருஷம் பூரா பெய்யாது, கொட்டும்போது கொட்டும், அந்தத் தண்ணி நிலத்த விட்டு வெளிய ஓடக்கூடாது. சரிவுக்கு குறுக்க வரப்பு போடுங்க, ஐப்பசி மழைக்கு முன்னாடியே. 1968ல ஆரோவில் ஆரம்பிச்சப்போ அங்க இருந்தது மேல்மண்ணு அடிச்சுட்டுப் போன செம்பொறை மேடு (கெட்டியான செவப்பு சரளை மண்ணு), ஓடை ஓடையா அரிச்சுக் கெடந்த பூமி, அங்க வந்தவங்க வரப்பு கட்டி தண்ணிய நிறுத்துனதுக்கு அப்புறம் தான் மரம் நின்னுச்சு. இன்னிக்கு அங்க பிச்சாண்டிக்குளம் காட்ட போய் பாத்தா அந்த மேடு தான் இதுன்னு நம்ப முடியாது. அங்கேர்ந்து இன்னொரு பாடமும் இருக்கு. ஆரம்பத்துல மண்ண மூடுறதுக்காக வேகமா வளர்ற ஆஸ்திரேலிய அக்கேசியாவ நெறைய வச்சாங்க, அது நெழல் குடுத்துச்சு, இலை கொட்டி மண்ண சேத்துச்சு, அந்த நெழல்ல நம்ம காட்டு மரங்கள வச்சாங்க. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல அந்த அக்கேசியா ஏராளமா சாஞ்சுது. நெழலுக்கு முதல்ல ஒரு மரம் வேணும்ங்குறது உண்மை, அதுக்கு வெளிநாட்டு மரம் வேணும்னு அவசியமில்ல, வாகை, புங்கம், பூவரசு, வேம்பு, ஆத்தி, உசில் எல்லாம் நம்மகிட்டயே இருக்கு.

குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, செம்பொறை பூமின்னா ரெண்டடி, ஆடி ஆவணிலயே எடுத்து காயப்போட்டுடுங்க. மக்குன எருவும் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் போதும், கரையான் தொல்லை கொறையும். கடலோர மணல்னா குழிய பெருசாக்குறத விட காஞ்ச இலைய நெறைய உள்ள போடுறது தான் பலன் குடுக்கும்.

நடுற நேரம் புரட்டாசி கடைசிலேர்ந்து ஐப்பசி முடிய. முதல் நல்ல மழை மண்ணுல இறங்குனதும் ஆரம்பிச்சுடணும், கார்த்திகை கடைசில நட்டா வேர் புடிக்கிறதுக்குள்ள மழை நின்னுடும். ஜூன் மாசம் சுற்றுச்சூழல் தினத்துக்கு மரம் நடுறது கேரளாவுக்கு சரி, நம்ம கடலோரத்துக்கு கன்னுகள கொல்ற வேலை, யாரு கேட்டாலும் இத சொல்லுங்க.

இடைவெளி ஆறடிக்கு ஆறடின்னா ஏக்கருக்கு 1210 கன்னு, எட்டடின்னா ஏறக்குறைய 680. முதல் வருஷம் எட்டடில வெயில் தாங்குறத மட்டும் நடுங்க, வாகை, புங்கம் வகையும் அதோட நாவல், பாலை, களா, காட்டு எலுமிச்சையும் போகட்டும். பாலை மெதுவா வந்தாலும் வெயிலுக்கு அசராது. ரெண்டு மூணு வருஷத்துல தலைக்கு மேல நெழல் கூடுனதும் நடுவுல வீரை, காயா, கருங்காலி, இரும்பிலி, மகிழம், சுளுந்து. ஒரே மரத்த வரிசையா வைக்காம கலந்து வைங்க, காட்டுல எழுதிக்கிட்டு வந்த நோட்ட இப்ப எடுங்க, எது எதுக்கு கீழ இருந்துச்சோ அதே மாதிரி. ஜப்பான் தாவர அறிஞர் மியாவாக்கியோட முறைன்னு சொல்லி ஒரு சதுர மீட்டருக்கு மூணு நாலு கன்னு திணிக்கிறவங்களுக்கு ஒன்னு சொல்லணும், அந்த மியாவாக்கி சொன்னதே அந்தந்த மண்ணோட சொந்த மரத்த மட்டும் வைக்கணும்னு தான். அத விட்டுட்டு நர்சரில கெடைக்கிற மகோகனி, செம்மயில்கொன்றைன்னு அடைச்சு வச்சு காடுன்னு பேரு போடுறதுல எனக்கு உடன்பாடே இல்ல.

நிலமே ரெண்டு சென்ட் தான் இருக்குன்னா பாலை, நாவல் எல்லாம் வேணாம், காயா, காட்டு எலுமிச்சை, சுளுந்து, களா இந்த நாலும் போதும், வீட்டுக்கு பக்கத்துல வச்சாலும் செவுத்துக்கு சேதம் பண்ணாது, பட்டாம்பூச்சி வந்து குவியும்.

நட்டதுக்கு அப்புறம் ரெண்டு கோடை தான் கண்டம். மாசிலேர்ந்து ஆடி வரைக்கும் வாரம் ஒரு தடவ கன்னுக்கு பத்து லிட்டர், அடிய விட்டு ஒரு முழம் தள்ளி ஊத்துங்க, வேர் தேடிப் போகட்டும். தினமும் சொம்புல ஊத்துறது கெடுதல், வேர் மேலாப்புலயே நின்னுடும். தண்ணிய விட முக்கியம் மூடாக்கு, காஞ்ச இலை, கரும்புச் சோகை, வைக்கோல் எது கெடைக்குதோ அரை அடி உயரத்துக்கு போட்டு தண்டுல ஒட்டாம விடுங்க. விழுந்த இலைய கூட்டி கொளுத்துற பழக்கம் நம்மகிட்ட இருக்கு, தோட்டத்துக்கு வர்ற ஆளுங்க நீங்க இல்லாதப்போ சுத்தம் பண்றேன்னு கொளுத்திடுவாங்க, முதல் நாளே உக்காத்தி வச்சு சொல்லிடுங்க. நிலத்த சுத்தி ஆறடி அகலத்துக்கு மட்டும் தைலேர்ந்து புல்ல செதுக்கி வெறும் மண்ணா வைங்க, பக்கத்து நிலத்து தீ உள்ள வராது.

மூணாவது வருஷத்துலேர்ந்து களை எடுக்கும்போது நீங்களே கூட நில்லுங்க. ஏன்னா அதுக்குள்ள சின்னான் குருவியும் குயிலும் வந்து உக்கார ஆரம்பிச்சிருக்கும், நீங்க நடாத கன்னுங்க மரத்தடில மொளச்சிருக்கும், களா, காரை, கொஞ்சி, வேம்பு, சில நேரம் சந்தனம் கூட. அரிவாள் புடிச்ச ஆளுக்கு அது களை தான். ஒவ்வொன்னுக்கும் பக்கத்துல ஒரு குச்சி நட்டு துணி கட்டி விட்டீங்கன்னா தப்பிக்கும். எனக்கு இந்தக் கட்டம் தான் எல்லாத்தையும் விட சந்தோஷம், நாம கூப்பிடாமலே காடு தன் ஆளுங்கள கூட்டிக்கிட்டு வருது.

கொடிய மட்டும் அவசரப்பட்டு வைக்காதீங்க. இந்தக் காட்டுக்கு கொடி உயிர்நாடி, மோதிரக்கண்ணியும் ஆதொண்டையும் இல்லாம அது முழுசாகாது, ஆனா இளங்கன்னு மேல ஏறுனா வளைச்சுப் போட்டு அமுக்கிடும். மரம் வீட்டுக்கூரை உயரம் தாண்டட்டும், அப்புறம் உள்ள விடுங்க, அது வரைக்கும் ஆதொண்டை வேலியோட இருக்கட்டும். அதே நேரத்துல வாகை, புங்கத்தோட கிளைய வருஷா வருஷம் ஆவணில கொஞ்சம் கொஞ்சமா கழிச்சு விடுங்க, ஒரே தடவையா மொட்டையடிச்சா கீழ இருக்குற வீரையும் காயாவும் திடீர் வெயில்ல கருகும். கழிச்ச கிளைய வெளிய எடுத்துட்டுப் போகாம அங்கயே துண்டு துண்டா வெட்டி மரத்தடில பரப்பிடுங்க.